பன்னிரண்டு வோல்ட்டும் ஒரு படகும்



படகு வைத்திருக்கும் ஒரு வீட்டில் ஆண்கள் குறைந்துபோனால் முதலில் வருகிற கஷ்டம் கடலில் அல்ல, கரையில்தான். எங்கள் சிறிய படகில் கடலுக்குப் போக இருவர் போதும். திரும்பி வந்த படகை மணலில் ஏற்றுவதற்கு எட்டுப் பேராவது வேண்டும். அந்த எட்டுப் பேரைத் தேடி அலைந்தவள் நான். இன்று அந்த வேலையை ஒரு பற்றரியும் ஒரு வின்ச்சும் செய்கின்றன. அதற்கு வயர் போட்டவளும் நான்தான். உங்களில் யாருக்காவது உதவும் என்பதற்காக அதை இங்கே எழுதுகிறேன்.

1990 இல் யுத்தம் என் வாப்பாவைக் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமி என் கணவரைக் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் அன்று 10,000 க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எங்கும் ஒரே நிலைமைதான். அப்போது என் மகனுக்கு ஒன்றரை வயது. தையல் தைத்தும், சீட்டுப் பிடித்தும் அவனை வளர்த்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் பெண்களுக்கு வீட்டு வயரிங் பயிற்சி ஒன்று நடந்தது. "பொம்பிளைகளுக்கு இது எதுக்கு?" என்று கேட்டவர்கள் பலர். கற்றது வீண்போகாது என்று உம்மா என்னை அனுப்பிவைத்தா.

மகன் வளர்ந்து என் தம்பியோடு கடலுக்குப் போகத் தொடங்கியதும், சீட்டுக் காசில் ஒரு பைபர் படகு வாங்கினேன். எங்கள் கரை திறந்த கடல். படகைக் கட்டிவைக்க ஒதுக்கிடம் இல்லை. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்துக்கொண்டது. அதற்கு வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரையைக் கடல் அரித்தது. ஆகவே எங்கள் படகுகளுக்கு மணல்தான் துறைமுகம்.

படகை இழுத்துத் தருபவர்களுக்கு மீன் கொடுப்பது வழக்கம். மீன் படாத நாளில் ஆள் கிடைக்காது. அப்போது லேன்ட்மாஸ்டர் பிடிப்போம். 2022 இல் டீசல் இல்லாமல் அதுவும் நின்றது. ஓகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. செலவுக்குப் பயந்து பலர் கடலுக்குப் போகவில்லை. கரையில் ஆட்கள் இல்லை. அந்த வாடைக் காலத்தில் ஒரு இரவு எங்கள் படகு தண்ணீர் ஓரத்திலேயே கிடந்தது. விடியும்போது அலை அடித்து ஒரு பக்கம் வெடித்திருந்தது. அதைத் திருத்த என் காதுத் தோடு அடகுக்குப் போனது.

அதன் பிறகுதான் படகு ஏற்றும் இரண்டு சக்கர ட்ரெயிலர் ஒன்றைச் செய்வித்து, பழைய வாகன உதிரிப்பாகக் கடையில் 12 வோல்ட் வின்ச் ஒன்று வாங்கினோம். வின்ச் என்றால் மோட்டாரால் கயிறு சுற்றும் இயந்திரம். தம்பியின் கூட்டாளி ஒருவர் அதைப் பொருத்த வந்தார். வீட்டுப் பிளக்குக்குப் போடுகிற 2.5 வயரைக் கையில் வைத்திருந்தார். இது போதாது என்றேன்.

"பன்னிரண்டு வோல்ட்தானே ராத்தா. கையால புடிச்சாலும் ஷொக் அடிக்காது" என்று சிரித்தார்.

ஷொக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் தீப்பிடிக்கும். இதைத்தான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். 1,200 வாட் இஸ்திரிக்கைப் பெட்டி வீட்டின் 230 வோல்ட்டில் 5 அம்பியர் அளவுதான் இழுக்கும். அதே 1,200 வாட் வேலையை 12 வோல்ட்டில் செய்ய 100 அம்பியர் வேண்டும். வயரைச் சூடாக்குவது அம்பியர்தான். பற்றரியிலிருந்து மோட்டாருக்கு 2 மீற்றர், திரும்பி வர 2 மீற்றர். இந்த 4 மீற்றரும் 2.5 வயராக இருந்தால், 100 அம்பியர் ஓடும்போது ஏறக்குறைய 2.8 வோல்ட் வயரிலேயே வீணாகும். அது 280 வாட் சூடு. 25 சதுர மில்லிமீற்றர் வயரில் இந்த இழப்பு அதில் பத்தில் ஒன்றுதான்.

அவர் நம்பவில்லை. கட்டி ஓடவிட்டார். ஒரு நிமிடத்தில் வயரைத் தொட முடியவில்லை. படகும் நகரவில்லை. பிறகு அவரே கடைக்குப் போய் வெல்டிங் கேபிள் வாங்கி வந்தார். அது தடிப்பு, ஆனால் வளையும்.

நாங்கள் செய்த ஒழுங்கு இதுதான். பற்றரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே, அந்தக் கேபிள் தாங்கும் அளவுக்கு மிகாத பியூஸ் வைத்தோம். அதற்கடுத்து முழுதாக நிறுத்தும் சுவிச். மைனஸ் வயரை ட்ரெயிலரின் இரும்பில் கட்டாமல் தனியாகப் பற்றரி வரை கொண்டுவந்தோம். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்தால் கரண்ட் ஒழுங்காகத் திரும்பி வராது. வயர் முனைகளை அழுத்திப் பிடித்து, கிரீஸ் பூசி மூடினோம். மாதம் ஒருமுறை திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

பற்றரியில் கை வைக்குமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். வளையல் இரண்டு முனைகளிலும் பட்டால் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். பற்றரிப் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் வாயு தீப்பிடிக்கக் கூடியது.

ட்ரெயிலரைப் பின்னால் மரக்குற்றி புதைத்துக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் படகு வராது, ட்ரெயிலர்தான் படகை நோக்கிப் போகும். உருளைக் கட்டைகள் போட்டு, இரண்டு நிமிடம் இழுத்து மூன்று நிமிடம் மோட்டாரை ஆறவிடுகிறோம். மொத்தம் எட்டு நிமிட இழுவை. சராசரி 60 அம்பியர் என்றாலும் 8 அம்பியர்-மணிதான் செலவு. 100 அம்பியர்-மணிப் பற்றரிக்கு அது பாரமில்லை. 50 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் அதை ஒரே நாளில் நிரப்பிவிடும். மழைக் காலத்தில் வீட்டுக் கரண்டில் சார்ஜ் செய்கிறேன். படகு ஏறியதும் வின்ச்சை நம்பி விடாமல் சங்கிலியால் தனியாகக் கட்டுகிறோம்.

ஒரு விடயம் மனதை உறுத்தியது. கரைவலையை உழவு இயந்திர வின்ச்சால் இழுப்பதற்கு வடக்கில் எதிர்ப்பு வந்தது. கையால் இழுத்துப் பிழைத்தவர்களின் வயிற்றில் அடிக்கிறது என்பது ஒரு காரணம். எங்கள் படகைத் தள்ளி மீன் வாங்கிப்போன ஒரு பெரியவர் இருந்தார். வின்ச் வந்த அன்று அவர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மகனை அனுப்பி அவரைக் கூப்பிட்டேன். இழுவைக் கம்பி அறுந்தால் சவுக்குப்போல வீசி ஆளை வெட்டும். அதன்மேல் ஈரச் சாக்குப் போடவும், நேரே ஆட்கள் நிற்காமல் பார்க்கவும், சுவிச்சில் கை வைத்திருக்கவும் ஒருவர் வேண்டும். அந்த வேலை இப்போது அவருடையது. அவருடைய மீன் பங்கும் குறையவில்லை.

சகோதரிகளே, எல்லாரும் வயர் போடக் கற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்தவரைக் கூப்பிட்டுச் செய்வியுங்கள். ஆனால் எத்தனை அம்பியர், எந்த வயர், பியூஸ் எங்கே என்ற மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். "உங்களுக்கு விளங்காது" என்று யாராவது சொன்னால் இன்னொரு தரம் கேளுங்கள். கடன்பட்டு வாங்கிய பொருள் நம்முடையது. அது எரிந்தால் அடகுக்குப் போவதும் நம் தோடுதான்.