கோட்டாறும் கடல் கடந்த வகுப்பறையும்

நாகர்கோவில் மாநகரின் தென்புறத்தில் அமைந்துள்ள கோட்டாறு, இன்று அந்நகரின் ஒரு பகுதி மட்டுமே. வரலாற்றிலோ அது நாகர்கோவிலுக்கும் மூத்த பெருநகரம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் கிரேக்க அறிஞர் 'கொட்டியாரா' என்று குறித்த நகரம் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. சோழரும் பாண்டியரும் வேணாட்டரசரும் இந்த நாஞ்சில் மண்ணுக்காகப் போரிட்டனர். பின்னர்த் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்து, 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் இணைந்தது.

நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் கோட்டாற்றில்தான் இருக்கின்றது. அங்கிருந்து சற்று நடந்தால் மொத்த வணிகம் நடைபெறும் கம்போளம். மூட்டைகளின் நடுவே வழி தேடிச் செல்ல வேண்டும். ஒரு பக்கம் பள்ளிவாசலின் பாங்கொலி. மற்றொரு பக்கம் சவேரியார் பேராலயத்தின் மணியோசை. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. மதரஸாவில் சிறுவர் ஓதும் அரபு. ஒரே தெருவில் பல மொழிகள் காதில் விழுவது இவ்வூருக்குப் புதிதன்று. மொழி கற்றவர்கள் வெளியூருக்கு அழைத்துச் செல்லப்பட்டதும் இவ்வூருக்குப் புதிதன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

பாவலரை அழைத்த பட்டணம்

கோட்டாறு ஞானியார் சாகிபு என்று ஊர்ப்பெயராலேயே அறியப்பட்ட சூஃபிக் கவிஞர், மெய்ஞ்ஞானப் பாடல்களால் தமிழுலகில் நிலைத்தவர். அவர் வழியில் வந்த இன்னொரு விளக்கு, கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். அரபும் மலையாளமும் பயின்ற பின்னரே அவர் தமிழ் இலக்கணத்தை ஆசானிடம் முறையாகக் கற்றார். அவருடைய புலமையை அறிந்து சென்னைப் பதிப்பகத்தார் அவரை வரவழைத்துக் கொண்டனர். சீறாப்புராணத்திற்கு அவர் உரை கண்டார். 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து, நூறு செயல்களில் ஒருங்கே கவனம் நிறுத்திக் காட்டினார். 2008-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இடலாக்குடி அரசுப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மன்னரிடம் சென்ற ஆங்கில ஆசிரியர்

ஆங்கிலம் இப்பகுதிக்கு வந்த கதையும் சுவையானது. 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீடு என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் இங்கு கல்விப் பணியைத் தொடங்கினார். அப்பணியில் வளர்ந்த பள்ளியே 1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக உயர்ந்தது. நாகர்கோவிலில் ஆங்கிலம் கற்பித்த ஜான் ராபர்ட்ஸ் என்பவரைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்திற்கு அழைத்துக் கொண்டார். 1834-இல் அங்கே ஆங்கிலப் பள்ளி எழுந்தது. மன்னரின் இலவசப் பள்ளியாகிய அது, 1866-இல் கல்லூரியாயிற்று. இன்று திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜ் என்று புகழ்பெற்றிருப்பது அதுவே.

பாவலரின் கதையும் ராபர்ட்ஸின் கதையும் ஒன்றையே உணர்த்துகின்றன. வேலை முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. பதவி பின்னால் வந்தது.

தீவுகளின் அழைப்பு

இன்று அந்தத் திருவனந்தபுரம் கோட்டாற்றிலிருந்து ரயிலில் 70 கிலோமீட்டர் தொலைவே. 1979-இல் திறக்கப்பட்ட இந்த ரயில் பாதை, வெளிநாடு செல்லும் நம்மவர்க்கு விமான நிலையத்தின் வாசலாக அமைந்தது. அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்திற்குள் விமானம் மாலே நகரை அடைந்துவிடும். மாலத்தீவு ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட முஸ்லிம் நாடு. மக்கள் வாழும் தீவுகள் இருநூறுக்கும் குறைவே. 1961 முதல் அங்கு ஆங்கில வழிக் கல்வி பரவியது. இஸ்லாமியக் கல்வியும் திவேஹி மொழியும் தவிர, பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. ஆகவே தென்தமிழகத்து ஆசிரியர்களும் கேரளத்து ஆசிரியர்களும் பல்லாண்டுகளாக அத்தீவுகளின் வகுப்பறைகளில் நிற்கின்றனர். அவர்களுக்கு வேலை தருவது அந்நாட்டு அரசின் கல்வி அமைச்சகம்.

கற்றவரைத் தேடிப் பிடிக்கும் வழக்கம் அத்தீவுகளில் பழையது. 1343-ஆம் ஆண்டளவில் உலகப் பயணி இப்னு பதூதா அங்கு இறங்கியபோது, டில்லியில் காஜியாக இருந்தவர் என்று தம்மை வெளிக்காட்டிக்கொள்ள விரும்பவில்லை. செய்தி கசிந்தது. கதீஜா சுல்தானா ஆண்ட அந்நாட்டில் அவரையே காஜியாக அமர்த்திக் கொண்டனர். இதனை அவரே தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். மறைத்தாலும் மறையாதது கல்வி.

கேட்பது என்ன?

வளைகுடா நாடுகளின் பல்கலைக்கழகங்களும் புகழ்பெற்ற பயிற்சி நிறுவனங்களும் ஆங்கில ஆசிரியர்களை அமர்த்துகின்றன. அவற்றுள் சில, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரையே வேண்டும் என விளம்பரத்திலேயே கூறிவிடுகின்றன. இது நம் பிள்ளைகளை வருத்தும் செய்திதான்; ஆயினும் எல்லா வாசல்களும் அப்படி அடைக்கப்படவில்லை.

பட்டத்தோடு ஆசிரியப் பயிற்சிச் சான்றும் பெரும்பாலும் கேட்கப்படும். வயது வந்தோருக்கு ஆங்கிலம் கற்பிப்போர் பெறும் கேம்பிரிட்ஜ் 'செல்ட்டா' சான்றிதழ் பல நாடுகளில் மதிப்புடையது. அதற்குரிய 120 மணி நேரப் பயிற்சியில், 6 மணி நேரம் உண்மையான மாணவர்முன் பாடம் நடத்திக் காட்டியாக வேண்டும். நேர்முகத் தேர்விலும் மாதிரி வகுப்பு நடத்தச் சொல்வது வழக்கம். இலக்கண விதியை ஒப்பிப்பவனை அவர்கள் தேடவில்லை. வாய் திறக்க அஞ்சும் மாணவனைப் பேச வைப்பவனையே தேடுகின்றனர்.

சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் 'அப்போஸ்டில்' முத்திரையை ஓமன் 2012 முதலும், சவூதி அரேபியா 2022 முதலும் ஏற்கின்றன. முகவர் வழியாகச் செல்வோர், அவர் அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்தல் வேண்டும். பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய் என்பது அரசு விதி. அதற்குமேல் இலட்சக் கணக்கில் கேட்பவரிடம், வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்க வேண்டாம். 1978-இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பார்த்து வருதல் நன்று.

ஒரு காகிதத்தின் விலை

இனி, மனத்தை உறுத்தும் ஒரு செய்தி. இரண்டாண்டு, மூன்றாண்டு அனுபவம் கேட்கிறார்கள் என்பதற்காக, ஒரு நாளும் வகுப்பில் நில்லாத பிள்ளைகளுக்கும் அனுபவச் சான்றிதழ் 'ஏற்பாடு' செய்யப்படுகின்றது. பெற்றோரும், "எல்லாரும் செய்வதுதானே" என்று ஆறுதல் கூறுகின்றனர். அது பொய்ச் சாட்சியம் அல்லவா? அந்தக் காகிதத்தின்மேல் நிற்கும் சம்பளத்தை எப்படி மனநிறைவோடு உண்பது? உண்மை வெளிப்பட்டால் வேலை போகும். சில நாடுகளில் சிறையும் உண்டு. பின்னால் வரும் நேர்மையான விண்ணப்பதாரரும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படுவர்.

அந்நிய மண்ணில் ஊழியம் பெற்ற நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறு திருக்குர்ஆனின் கஸஸ் அத்தியாயத்தில் வருகின்றது. எகிப்திலிருந்து தனியராய் மத்யன் சேர்ந்த அவர்களிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. கிணற்றடியில் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டினார்கள், கூலி கேட்கவில்லை. அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் பரிந்துரைத்தபோது இரு தகுதிகளையே எடுத்துக் கூறினார்: வலிமை, நம்பகத்தன்மை. உலகின் எந்தப் பெரிய நிறுவனமும் இன்றும் தேடுவது இவ்விரண்டையே. ஆசிரியனுக்கு வலிமை என்பது பாடத்தில் தேர்ச்சி. நம்பகம் என்பது தன்னைப் பற்றி உண்மை பேசுதல்.

அனுபவம் தேடி அயல்நாடு வரை செல்ல வேண்டியதில்லை. நம் மஹல்லாவில் ஆங்கிலத்தில் தோற்ற மாணவர் எத்தனையோ பேர். பட்டம் பெற்ற இளைஞரும் யுவதியரும் மக்ரிப் தொழுகைக்குப்பின் ஒரு மணி நேரம் அவர்களுக்குக் கற்பிக்கட்டும். அருகிலுள்ள பள்ளியில், சம்பளம் குறைவாயினும், இரண்டாண்டு பணிபுரியட்டும். பள்ளியும் தயங்காமல் உண்மைச் சான்று தரும். மாதிரி வகுப்பில் கையும் நடுங்காது. ஜமாஅத்துகள் இதற்கு ஓர் அறையும் கரும்பலகையும் தந்தால் போதும்.

கோட்டாற்றின் பிள்ளைகள் கடல் கடக்கட்டும். புகழ்மிக்க வகுப்பறைகளில் நிற்கட்டும். உண்மையான தகுதியோடு அங்கு நிற்கும் பேற்றினை வல்ல அல்லாஹ் அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.