மொச்சைக் கொட்டையும் நிகழ்தகவும்

புள்ளியியல் என்றவுடன் மாணவர் பலர்க்கு முகம் வாடிவிடும். உதகைக் குளிரில் விறைத்த விரல்களோடு சூத்திரங்களை எழுதித் தள்ளுவதே பாடம் என்று எண்ணுகின்றனர். ஒருநாள் நான் வகுப்புக்கு இரண்டு படி மொச்சை கொண்டு சென்றேன்!

காரணம் உண்டு. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர், நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாளணுப் பண்பு இருப்பதை உலகுக்கு அறிவித்தனர். செவ்வணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைப்பதே அந்நோய். தாய் தந்தை இருவரும் அப்பண்பைத் தாங்கியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதைச் சொன்னபோது கூடலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, எங்கள் அண்ணியின் முதல் குழந்தைக்கு இந்நோய் இருக்கிறது. நான்கில் ஒன்று வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் நலமாய்ப் பிறக்கும் என்கிறார்கள். இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறார்."

கரும்பலகையில் விடை எழுதிவிடலாம், நம்பவைக்க முடியுமா? ஆகவேதான் மொச்சை. பாதிக்குச் சிவப்பு மை தடவி உலர்த்தினோம். இரு நிறமும் சம எண்ணிக்கையில் இரண்டு பைகள். ஒன்று தாய், மற்றொன்று தந்தை. (பட்டாணியையும் மொச்சையையும் கலந்தால் ஆகாது, விரல்நுனி கண்டுகொள்ளும்!) கண்ணை மூடிப் பைக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். இரண்டும் சிவப்பாயின் நோயுற்ற குழந்தை. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, நான்கு முறை எடுத்தால் ஒரு குடும்பம்.

இது என் கண்டுபிடிப்பன்று. 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் எழுதிய காசெட், 1908-இலேயே 3000 கைதிகளின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதிக் குலுக்கித் தம் முடிவைச் சரிபார்த்தவர்.

மாணவர் 32 பேர், ஆளுக்கு எட்டுக் குடும்பம், ஆக 256. கணக்குப்படி இவற்றுள் சரியாக ஒரு குழந்தை மட்டும் நோயுறும் குடும்பங்கள் 108. ஒருவருமே நோயுறாதவை 81. இருவரோ அதற்கு மேலோ நோயுறுபவை 67. எங்கள் பட்டியல் இதனோடு அச்சாகப் பொருந்தவில்லை. பொருந்தியிருந்தால்தான் நான் ஐயுற்றிருப்பேன்.

அம்மாணவி பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, முதல் குழந்தை நோயுற்ற குடும்பங்களை மட்டும் பிரித்து, இரண்டாம் குழந்தையை எண்ணத் தொடங்கினாள். அவற்றிலும் ஏறக்குறைய நான்கில் ஒன்றே வந்தது! பைக்கு நினைவில்லை என்பதை நான் சொல்லாமலே கண்டுகொண்டாள்.

இந்நோயை ஒழிக்க மைய அரசு 2023 ஜூலை 1 அன்று நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. குழந்தை பிறந்தவுடன் இரத்தம் பார்த்து அறிந்தால், தொற்றுக் காய்ச்சலிலிருந்து மருந்தாலும் தடுப்பூசியாலும் காக்கலாம். "அப்படியானால் பிறந்த அன்றே பார்க்கச் சொல்ல வேண்டும், ஐயா" என்றாள். அந்தச் சனிக்கிழமை, இரண்டு பைகளையும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கூடலூர்ப் பேருந்தில் ஏறினாள்.