யார் வீட்டுக் கதவை யார் தட்டுவது?

டிசம்பர் 26, வடசென்னையில் எங்கள் எண்ணூர்ப் பக்கத்தில் கடலுக்குப் பால் ஊற்றும் நாள். 2004 சுனாமியில் போனவர்களை நினைத்து, குப்பத்து ஜனங்கள் காலையிலேயே பூவும் பாலுமாகக் கரைக்கு வருவார்கள். 2023-லும் வந்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கரைக் கற்களில் கறுப்பாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்று ராத்திரியே மறுபடி ஓட வேண்டி வந்தது. இந்த முறை கடலிலிருந்து வந்தது தண்ணீர் இல்லை.

நான் விம்கோ நகரில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். மெட்ரோ ரயில் வந்தபிறகுதான் பலருக்கு இந்தப் பெயர் தெரிகிறது. அது வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, அதாவது தீப்பெட்டி ஆலை, கொடுத்த பெயர். எங்கள் நைனா அங்கே வேலை பார்த்தவர். நான் ஆர்.டி. என்ற மாதத் தவணைச் சேமிப்பு வசூலிக்கும் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். எர்ணாவூர் முதல் சின்னகுப்பம் வரை என்னை ‘ஆர்.டி. அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாதா மாதம் வீட்டு வாசலில் நின்று பணம் வாங்கிப் பாஸ்புக்கில் ஏற்றுகிற வேலையில் ஒரு லாபம் உண்டு. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, யாருக்கு வீசிங், எந்த வீட்டில் பச்சைக் குழந்தை என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

நள்ளிரவு தாண்டி போன் அடித்தது. சின்னகுப்பத்தில் ஆர்.டி. கட்டுகிற பெண். “அக்கா, கண்ணு எரியுது, மூச்சே வுட முடியல. எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரில. உங்காண்ட ஒண்ணும் இல்லியே?” பின்னாலிருந்து இருமல் சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் ஒன்றுமில்லை, இங்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டுக்குப் போனேன்.

தெற்கே பார்த்து வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒரு பைக்கில் நாலு பேர், ஆட்டோவில் கணக்கே இல்லை. ஓர் ஆயாவை மீன்பாடி வண்டியில் உட்காரவைத்து, பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆயாவின் முகத்தில் ஈரத் துண்டு. யாரோ சொல்லியிருக்கிறார்கள், சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும் வாயு. ஈரத் துணி கொஞ்சம் தாங்கும். ஆனால் அது அம்மோனியா என்பது அப்போது அங்கே இருந்த யாருக்கும் உறுதியாகத் தெரியாது. “சுனாமியா?” என்று கேட்டுக்கொண்டே சிலர் மாடிப்படி ஏறினார்கள்.

அதைத்தான் நான் பிறகு பலமுறை யோசித்தேன். 2004 எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டு விஷயம்: கடலை விட்டுத் தள்ளி ஓடு, முடியாவிட்டால் மாடிக்கு ஏறு. அலைக்கு அது சரி. வாயுவுக்கு அது உதவாது. வாயு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று. காற்றுக்குக் குறுக்கே விலக வேண்டும். காற்று போகிற வழியிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரை மூக்கு நுனியில் வைத்திருக்கும் ஜனங்கள் இவர்கள். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்க ஒரு சாயங்காலம் போதும். அந்த ஒரு சாயங்காலம் யாரும் வரவில்லை.

மறுநாள் மாசு கட்டுப்பாட்டு வாரியம் விவரம் சொன்னது. கப்பலிலிருந்து எங்கள் பக்கத்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயைக் குளிரவைக்கும் வேலை நடந்தபோது, அழுத்தம் குறைந்திருக்கிறது. ஆலை வாசலருகே காற்றில் கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா. 24 மணி நேர சராசரிக்கு அனுமதிக்கப்பட்டது 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். இருக்க வேண்டிய வரம்பு 5. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, மிக்ஜாம் புயலில் கடல் கொந்தளித்தபோது குழாயைச் சுற்றியிருந்த கருங்கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது. அதாவது, மாதத் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் கொண்டுவந்த அதே புயல், கடலுக்கடியிலும் ஒன்று செய்து வைத்திருந்தது.

நைனா காலத்தில் ஆலைச் சங்கை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். வேலைக்கு வா என்று தினமும் சங்கு ஊதிய ஊர் இது. அந்த ராத்திரி, ஓடு என்று சொல்ல ஒரு சங்கும் என் காதில் விழவில்லை.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் 4-ஆம் தேதி வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆற்றுக்குள்ளும் முகத்துவாரத்திலும் பரவியது. சடையங்குப்பத்திலும் எர்ணாவூர்த் தாழ்வான தெருக்களிலும் வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு எண்ணெய்க் கோடு. தரையைக் கழுவக் கழுவ வழுக்கியது. கடைசியில் அரிசி உமியைக் கொட்டித் துடைத்தோம். ஆற்றில் மீனவர்களே படகில் போய், பக்கெட்டாலும் மக்காலும் எண்ணெயை அள்ளினார்கள். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதியபோதும் பக்கெட்டுதான். ஏழு வருடத்தில் பேரிடர் மேலாண்மை என்ற சொல் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. கருவி மட்டும் மாறவில்லை.

நிவாரணத்துக்கு அரசு 8.68 கோடி ரூபாய் அறிவித்தது. 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500. 787 படகுகளுக்குத் தலா 10,000. 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. பணம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அதில் கொஞ்சம் என்னிடமே ஆர்.டி.யாகத் திரும்பியும் வந்தது. ஆனால் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் பலர், ‘படகு இல்லை, வலை இல்லை, நீ எப்படி மீனவர்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனார்கள்.

வாயுக் கசிவுக்குப் பிறகு பெரியகுப்பத்தில் பந்தல் போட்டு ஜனங்கள் உட்கார்ந்தார்கள். ஆலையைத் திறக்கக் கூடாது என்பது கோரிக்கை. நீண்ட நாள் நடந்தது. நானும் போய் உட்கார்ந்தேன். அதே சமயம் அந்த ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற குடும்பங்களும் என் கணக்கில் இருந்தன. “அக்கா, நீங்க அங்க உக்காந்தா எங்க சோறு?” என்று ஒரு தம்பி நேராகவே கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்குத் திருப்தியாக இல்லை. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. 5.92 கோடி ரூபாய் இழப்பீடு என்ற பேச்சு வந்தது. 2024 மே மாதம், துறைகளின் தடையின்மைச் சான்றுகளைப் பெற்றபின் இயங்கலாம் என்று உத்தரவு வந்தது. பந்தல் பிரிந்தது.

பந்தலில் கிடைத்தவர்கள்தான் எனக்கு மிச்சம். நகரத்திலிருந்து சில பிள்ளைகள் வருவார்கள், ஒரு தன்னார்வ அமைப்பிலிருந்து. எண்ணூருக்கு இப்படி வருகிறவர்கள் புதிதல்ல. வெட்டிவேர் கலெக்டிவ் என்ற அமைப்பு கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவை இங்கே நிற்கவைத்து எடுத்த ‘பொறம்போக்குப் பாடல்’ 2017-இல் வெளிவந்தது. ‘சேவ் எண்ணூர் க்ரீக்’ என்ற இயக்கம், 1996-ஆம் வருடத்துக் கடற்கரை மண்டல வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, அதில் இருக்கிற கழிமுகம் புதிய வரைபடத்தில் எப்படிக் காணாமல் போனது என்று கேட்டது. ஆறாயிரம் ஏக்கருக்கு மேல். ஆறு கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது, காகிதத்தில் இல்லை.

பந்தலில் கிடைத்த இந்தப் பிள்ளைகள் மேடை போடவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்துக் காட்டினார்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக் கதையும் அப்படித்தான் வந்தது. 2004-லேயே அங்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்களைக் கண்காணிப்பாளர்களாக ஆக்கிக்கொண்டார்கள். எந்த நேரம் என்ன நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள்: அவித்த முட்டை, நகப்பூச்சு, அழுகிய பிணம். மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் ஒரு பை. பக்கெட்டிலிருந்து காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் புகுந்து நிறையும். பையைக் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் நாற்றத்துக்கு வேதியியல் பெயர் கிடைக்கும். அமெரிக்காவில் எண்ணெய் ஆலைகளை ஒட்டி வாழ்கிற ஜனங்கள் பழக்கிய முறை அது. எங்களுக்கு எண்ணெய் அள்ள மட்டும் தெரிந்த பக்கெட்டுக்கு இப்படியும் ஒரு உபயோகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் ஊருக்கு அவர்கள் கேட்ட முதல் கேள்வி ரொம்பச் சின்னது. “நைட்டு வாயு வந்தா, நடக்க முடியாதவங்கள யார் தூக்குவாங்க?” அங்கே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். தெருவாரியாக வீடு, அந்த வீட்டில் தானாக எழுந்து ஓட முடியாதவர் யார், அவரைத் தூக்கப் போகிறவர் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார், எந்த வண்டி, சாவி எங்கே தொங்குகிறது. கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் நேரம் ஆனது. சாவி இருக்கிற இடத்தைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆர்.டி. பணத்தை நம்பிக் கொடுத்தவர்கள் சாவியையும் நம்பிச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மாமியாரைத் தூக்கப் பக்கத்து வீட்டுப் பையன் பெயரை எழுதினோம். அந்த இரண்டு வீட்டுக்கும் குழாயடிச் சண்டையில் பேச்சுவார்த்தையே கிடையாது. “பேச வேணாம், தூக்குனா போதும்” என்றார் மாமியார்.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை. 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு இந்த நாட்டில் இதற்குச் சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய 1989 விதிகளின்படி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அபாயம் என்ன, என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆலைக்கு வெளியே செயல்படுத்தும் அவசரத் திட்டத்துக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை வேண்டும். 1996-இல் வந்த இரசாயன விபத்து விதிகள் இன்னும் ஒருபடி மேலே. உள்ளூர் நெருக்கடிக் குழு என்று ஒன்று. அது மாதம் ஒருமுறை கூட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முழு ஒத்திகை நடத்த வேண்டும். அந்தக் குழுவில் அதிகாரிகளும் ஆலைக்காரர்களும் மட்டுமில்லை. ஊர்த்தலைவர் ஒருவர், தன்னார்வ அமைப்பின் பிரதிநிதி, மருத்துவர்கள், சமூக சேவகர்கள், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் உட்பட எல்லாருக்கும் இடம் இருக்கிறது. இதைப் படித்துக் காட்டியபோது ஒரு பெரியவர் கேட்டார்: “அந்த ஊர்த்தலைவர் யாருப்பா? நம்ம ஊர்ல ஒருத்தரும் அந்த மீட்டிங்குக்குப் போனதா சொல்லலியே.” எனக்குத் தெரிந்த குப்பங்களில் எல்லாம் விசாரித்துப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தேன் என்று சொல்கிற ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகள் மூச்சுத்திணறி மயங்கினார்கள். நவம்பர் 4-ஆம் தேதி பள்ளியைத் திறந்தார்கள், மறுபடி மயங்கினார்கள். என்ன வாயு, எங்கிருந்து என்று பெற்றோர்கள் கேட் முன்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் கையில் கடலூர் நோட்டு மாதிரி ஒன்று இருந்திருந்தால், அந்தப் பத்து நாளில் எந்தத் தெருவில் எந்த நேரம் என்ன நாறியது என்பதாவது எழுத்தில் இருந்திருக்கும்.

அந்த டிசம்பர் 20-ஆம் தேதி எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம். 2017-இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக. மேடையேறியவர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்றார்கள். சாம்பல் படிந்த மூச்சைப் பற்றிப் பேசினார்கள், ஆற்றைப் பற்றிப் பேசினார்கள். கருத்துக்கேட்பு என்பது கட்டப்போவதைப் பற்றிக் கேட்பது. ஏற்கெனவே கட்டி ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றி எங்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டிய இடம் அந்த நெருக்கடிக் குழுதான். அதனால்தான் ஆலையை மூடு, மூடாதே என்ற சண்டையைவிட இந்த நாற்காலிக்கான சண்டை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கான்ட்ராக்ட் வேலை பார்க்கிற அந்தத் தம்பியும் பந்தலில் உட்கார்ந்தவர்களும் இதில் ஒரே பக்கம் நிற்க முடியும்.

நோட்டை வருடா வருடம் புதுப்பிக்கிறோம். ஆயாக்கள் கழிகிறார்கள், குழந்தைகள் சேர்கிறார்கள், வாடகைக்கு இருந்தவர்கள் மாறுகிறார்கள். வடமாநிலத்துத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகளையும் இப்போது எழுதுகிறோம். அவர்களுக்கு எந்தக் குப்பத்துப் பெயரும் தெரியாது, ஓடும் வழியும் தெரியாது.

மாவட்ட நிர்வாகத்தையும் தொழிற்சாலைகள் பாதுகாப்புத் துறையையும் கேட்பது மூன்றே காரியம். எங்கள் பகுதி நெருக்கடிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். அடுத்த ஒத்திகை என்றைக்கு என்பதை அதற்குக் கீழே எழுதுங்கள். சங்கை ஊதிக்காட்டுங்கள், எது வாயுவுக்கு, எது வெள்ளத்துக்கு என்று எங்களுக்குக் காது பழகட்டும். எங்கள் நோட்டு தயாராக இருக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வருகிறோம்.