அறுக்காமல் விட்ட வரிசைகள்



குருமனையின் பின்புறத்துப் புல்லில் இரண்டு வரிசைகள் மட்டும் அறுக்கப்படாமல் ஆளுயரத்துக்கு மேல் நிற்பதைக் கண்டு, ஐயருக்கு அரிவாள் எடுக்க நேரமில்லை போலும் என்று சிலர் நகைத்ததை அறிவேன். காரணம் உண்டு.

அது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ 4 இரகம். நான் இச்சேகரத்துக்கு மாற்றலாகி வந்தபோது ஒரு பசுவையும் உடன் கொண்டுவந்தேன். அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது. நம் சபையின் மூதாட்டி ஒருவர், ஒற்றைப் பசுவை நம்பிப் பிழைப்பவர், வீட்டின் பின்னால் ஐந்தாறு வரிசை இப்புல்லை வளர்த்திருந்தார். நடுவதற்குக் கொஞ்சம் கேட்டேன். "பொறுங்க ஐயா" என்றார். வாரங்கள் கடந்தன. தட்டிக்கழிக்கிறார் என்றுகூட மனத்துக்குள் எண்ணினேன். சில மாதங்கள் கழித்து ஒரு சாக்கு நிறையக் கரணைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார். தேநீர் கொடுத்து அனுப்பினேன்; அத்துடன் மறந்தும் போனேன்.

இரண்டு கணுக்கள் உள்ள கரணைகளை, ஒரு கணு மண்ணுக்குள் புதையுமாறு, பாரில் அரை மீட்டர் இடைவெளியில் நட்டேன். 75 நாளுக்குப் பின் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒன்று. மாட்டை உள்ளே விட்டு மேய்க்கவோ, உலர்த்திச் சேமிக்கவோ கொழுக்கட்டைப் புல்லே ஏற்றது. பருத்த தண்டுள்ள இதனைப் பச்சையாக அறுத்து, நறுக்கி, வேலிமசாலுடன் கலந்து போடுவதே நலம்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் இதன் விதையைக் கேட்டார். ஓரத்துத் தூர்களில் வந்திருந்த கதிர்களைக் கசக்கிப் பார்த்தேன், அத்தனையும் பதர். பிறகுதான் படித்தறிந்தேன்: கம்புக்குக் குரோமோசோம்கள் 14, நேப்பியருக்கு 28, இரண்டின் ஒட்டுக்கு 21. அவை சரியாக இணைசேர இயலாமையால் விதை பிடிப்பதில்லை. எங்கு நிற்கும் தூரும் எவரோ தம் வயலில் வெட்டிக் கொடுத்த தண்டின் பிள்ளையே.

சரி, கரணையே அனுப்புவோம் என்று அரிவாளை எடுத்தேன். 45 நாள் தண்டு நடவுக்கு உதவாது, அது முற்றவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் அறுக்காமல் விடவேண்டும். அதுவரை என் பசுவுக்கு எதைப் போடுவது என்று கணக்கிட்டபோதுதான் அந்தச் சாக்கு நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே அவரைப் பார்க்கச் சென்றேன். அந்த வறட்சியில் பசுவுக்கு என்ன போட்டீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"வைக்கோல் வாங்கிப் போட்டேன். பால் கொஞ்சம் கொறஞ்சுது. அதை ஏன் இப்ப கேக்கிய? உங்க பசு எத்தன லிட்டர் கறக்குது ஐயா?"

வரிசைகள் இரண்டும் தை மாதத்தில் முற்றிவிடும். வேண்டுவோர் சாக்குடன் வாருங்கள்.