காணாத வைத்தியர்

சென்ற ஆண்டு விடுமுறையில் பலமனேருக்குச் சென்றிருந்தேன். என் தாய்மாமன் வலக் கன்னத்தை விடுத்து இடக் கன்னத்திலேயே வெற்றிலை புகையிலையை அடக்கிக்கொள்வதைக் கவனித்தேன். வலப்புறம் புண் என்பது விளங்கிற்று. ஆயினும், பெரியவரை வாயைத் திறந்து காட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரியாதை தடுத்தது. அதற்கு விலை ஆறு மாதம்.

புண் ஆறாதது கண்டு, பின்னர் சித்தூர் வழியாக வேலூருக்குப் பஸ்ஸில் அழைத்துச் சென்றேன். அங்கே வைத்தியர் நெல்மணியளவு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவுக்குச் சில நாள் காத்திருக்க வேண்டுமென்றார்.

“பார்த்தவருக்கே தெரியாதா மாப்பிள்ளை? எங்கோ உட்கார்ந்திருப்பவரா சொல்ல வேண்டும்?” என்று மாமா வினவினார்.

ஆம், அவர்தாம் சொல்ல வேண்டும். அவர் நோய்க்கூற்றியல் நிபுணர். அச்சதையை மெழுகில் பதித்து, காகிதத்தினும் மெல்லிய சீவல்களாகச் சீவுகிறார்கள். சாயமேற்றியதும் உயிரணுக்களின் கரு நீலமாகவும் பிற பகுதி இளஞ்சிவப்பாகவும் தோன்றும். அணுக்கள் ஒழுங்கு குலைந்து, எல்லை கடந்து உள்ளே ஊடுருவியிருந்தால் அது புற்றுநோய். நோயாளி அவரைக் காண்பதில்லை. ஆனால் சிகிச்சை அவர் சொல்லைப் பற்றியே நடைபெறுகிறது.

நம் நாட்டில் இத்துறைக்குத் தந்தையெனப் போற்றப்படுபவர் வி. ஆர். கானோல்கர் (1895–1978). பம்பாயில் மருத்துவ மாணவர்களுக்கு நோய்க்கூற்றியல் போதித்த அப்பெரியார், 1941-இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வகங்களுக்குத் தலைமை தாங்கினார். 1952-இல் தோன்றிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்கியவரும் அவரே.

சதைத் துண்டைக் கண்டதோடு அவர் நிற்கவில்லை. அதற்குரிய மனிதன் எவ்வாறு வாழ்ந்தான் என்றும் ஆராய்ந்தார். 1945-இல் சக ஆய்வாளரோடு வெளியிட்ட கட்டுரையில் மூன்று வகைப் புற்றுகளை விவரித்தார். நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் ஆந்திரக் கடலோர மக்களுக்கு மேலண்ணத்தில் வருவது ஒன்று. சுண்ணாம்பு கலந்த புகையிலையை உதட்டுக்குள் அடக்குவோர்க்கு உதட்டில் வருவது மற்றொன்று. வேட்டியை இறுக்கிக் கட்டுவோர்க்கு இடுப்பில் வருவது மூன்றாவது. நோய் உண்டாகும் இடத்தைப் பழக்கமே காட்டிக்கொடுத்தது!

மாமாவுக்கு வந்ததும் புற்றுநோய்தான். “தலையெழுத்து” என்றார். தலையெழுத்தன்று, நாற்பதாண்டுப் புகையிலை. அறுவை சிகிச்சையில் தாடையில் ஒரு பகுதி போயிற்று, உயிர் தங்கிற்று. இப்பொழுது அவர் பேச்சு குழறுகிறது. அவர் “மாப்பிள்ளை” என்றழைக்கும்போதெல்லாம் அந்த ஆறு மாதமே என் நினைவுக்கு வருகிறது.

அன்பர்களே, நம் வீடுகளில் வெற்றிலைச் செல்லத்தோடு அமர்ந்திருக்கும் பெரியோர் பலர். வாயில் ஒரு புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையெனில், தயங்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், கோபம் ஆறிவிடும்.