மூடிக்குள் இருக்கும் காசு

வீட்டுக்கு என்ன கலர் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வார், அதுவும் மாமியார் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை எல்லாரையும் கேட்டபிறகு. எந்தக் கம்பெனி என்பதைச் சொல்வது பெரும்பாலும் பெயிண்டர்தான். 'இது நல்லா பரவும் சார், ரெண்டு கோட்டு போதும்' என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. வயருக்கு எலக்ட்ரீஷியன், பைப்புக்குப் பிளம்பர், பிளைவுட் பசைக்கு ஆசாரி. காசு கொடுப்பவர் ஒருவர், சரக்கைத் தேர்ந்தெடுப்பவர் இன்னொருவர். இந்த இன்னொருவரின் கைப்பேசிக்குள் எப்படிப் போவது என்பதற்காகத்தான் கம்பெனிகள் இன்று ஆப், க்யூஆர், வாட்ஸ்ஆப் என்று பணத்தைக் கொட்டுகின்றன. அந்த வாட்ஸ்ஆப் செய்திகளில் சிலவற்றைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. எழுதும்போது ஓரத்தில் குறித்துவைத்தவை இவை.

*

முன்பெல்லாம் பெயிண்ட் வாளிக்குள் டோக்கன் இருக்கும். சின்ன பிளாஸ்டிக் வில்லை அல்லது அட்டை. பெயிண்டர் அதை எடுத்துக் கழுவி பையில் போட்டுக்கொள்வார், கடையில் கொடுத்துப் பணமாக்குவார். விஷயம் தெரிந்த வீட்டுக்காரர்கள் சிலர் வாளியைத் தாங்களே திறந்து டோக்கனை எடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் வேலை எப்படி நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டோக்கன் கம்பெனிப் பணம்தான். ஆனால் அதை ஆண்டவர் கடைக்காரர். பெயிண்டருக்குக் கடையில் பழைய பாக்கி இருக்கும். டோக்கனைக் கொண்டுவந்தால் அதில் கழிப்பார், மீதிக்கு ரோலரும் உப்புத்தாளும் கொடுப்பார், அவசரமாகப் பணம் வேண்டும் என்றால் முகமதிப்பில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். 'மேஸ்திரி, அடுத்த சைட்டுக்கும் இங்கேயே வந்துடுங்க' என்பார். எந்த பெயிண்டர் எவ்வளவு வாங்குகிறார், யாருக்கு எந்தத் தெருவில் வேலை நடக்கிறது என்ற கணக்கு முழுக்க அவர் தலையில் இருந்தது. கம்பெனிக்கு சரக்கு டீலரின் குடோன் வரை போனது தெரியும். அதற்கு அப்புறம் இருட்டு.

க்யூஆர் வந்ததும் மாறியது இதுதான். மூடிக்குள் ஒரு ஸ்டிக்கர். பெயிண்டர் ஆப்பில் ஸ்கேன் செய்கிறார், பாயிண்ட் ஏறுகிறது, பணம் யூபிஐ வழியாக நேராக வங்கிக்குப் போகிறது. எந்த ஊரில், எந்த நாளில், எந்த எண்காரர் எந்த வாளியைத் திறந்தார் என்பது கம்பெனிக்கு அன்றைக்கே தெரிகிறது. பெயிண்டருக்குப் பரிசு கொடுக்கும் திட்டம் என்று மேடையில் சொல்கிறார்கள். என் கணக்கில் அது கடைக்காரரின் தலைக்குள் இருந்த பேரேட்டைக் கம்பெனி விலைக்கு வாங்கும் திட்டம்.

கடைக்காரர் சும்மா இருப்பாரா? இருக்கவில்லை. இப்போது கலர் எல்லாம் கடையிலேயே டிண்டிங் மிஷினில்தான் கலக்கிறார்கள். வெள்ளை பேஸ் வாளியின் மூடியைத் திறந்துதான் பல கடைகளில் சாயம் ஊற்றுகிறார்கள். ஆக, ஸ்டிக்கரை முதலில் பார்ப்பது கடைப்பையன். அவன் கைப்பேசி சும்மா இருக்குமா? ஒரே எண்ணிலிருந்து ஒரே இடத்தில் நாள் முழுவதும் ஸ்கேன் நடந்தால் கணக்கை முடக்கு என்று கம்பெனி கட்டுப்பாடு போட்டது. அதற்கு மாற்றாக மச்சினன் எண், மாமா எண் என்று பதிவுகள் முளைத்தன. மாதக் கடைசியில் 'புதிய பெயிண்டர்கள் இத்தனை பேர் சேர்ந்தார்கள்' என்று ஒரு படம் வரும். அதில் எத்தனை பேர் வாழ்நாளில் பிரஷ் பிடித்தவர்கள் என்று கேட்டால் கூட்டத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

*

இந்தியாவில் வேலையாளைத் தன் பக்கம் இழுக்கும் இந்த வித்தையை முதலில் சரியாகப் பிடித்தவர்களில் ஒருவர் பல்வந்த்ராய் பாரேக். 1959-இல் அவருடைய ஃபெவிகால் பசை வந்தபோது ஆசாரிகள் வச்சிரம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுத்த பசை அது. சூடு பண்ண வேண்டும், நாறும், ஆறினால் கெட்டியாகிவிடும். ஹார்டுவேர் கடையில் அடுக்கிவிட்டுக் காத்திருக்காமல் அவருடைய கம்பெனியான பிடிலைட்டின் ஆட்கள் ஆசாரிகளைத் தேடிப்போனார்கள். பிற்பாடு நாற்காலி, கட்டில், அலமாரி டிசைன்கள் கொண்ட புத்தகங்களைப் போட்டார்கள். ஆசாரி அதை வீட்டுக்காரரிடம் விரித்துக் காட்டி ஆர்டர் பிடிப்பார். அந்தக் கம்பெனியின் டிவி விளம்பரங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அந்தப் புத்தகம்தான் பெரிதாகப் படுகிறது. பசையைப் பற்றிப் பேசாமல் ஆசாரிக்கு வேலை பிடித்துக் கொடுத்தது அது.

இன்று டிசைனை வீட்டுக்காரரே தன் கைப்பேசியில் கொண்டுவந்து 'இதே மாதிரி' என்கிறார். ஆசாரிக்கு இப்போது வேண்டியது டிசைன் இல்லை, 'இதே மாதிரி செய்ய இவ்வளவு ஆகும்' என்று காட்டும் கொட்டேஷன். நீள அகலம் போட்டால் பிளைவுட் எத்தனை ஷீட், லேமினேட் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று ஒரு பக்கம் தயாராகி, மேலே ஆசாரியின் பெயரோடு வாட்ஸ்ஆப்பில் போகவேண்டும். கம்பெனி லோகோ கீழே சின்னதாக இருந்தால் போதும். இதை ஒரு கூட்டத்தில் சொன்னேன். லோகோவைப் பெரிதாக்கலாமா என்று கேட்டார்கள்.

*

தமிழ் எஸ்எம்எஸ் ஒரு தனிக் கொடுமை. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழ் யூனிகோடில் 70. அந்த எழுபதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'பெயிண்டர்' நமக்கு ஐந்து எழுத்து, மிஷினுக்கு ஒன்பது. 'அன்புள்ள பெயிண்டர் நண்பரே' என்று மரியாதையாகத் தொடங்கினாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். நீண்டால் இரண்டு செய்தி, இரட்டைக் காசு. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புகிறார்கள். அதைப் பெயிண்டரின் மகள் படித்துச் சொல்கிறாள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி வியாபாரச் செய்தி அனுப்பும் பெயரும் வாசகமும் முன்கூட்டியே டிஎல்டி என்ற பதிவேட்டில் இருக்கவேண்டும். இது 2018 ஒழுங்குமுறையில் வந்தது. 2025 முதல் விளம்பரச் செய்தி அனுப்பும் பெயரின் கடைசியில் 'பி' என்ற எழுத்தும் ஒட்டிக்கொண்டது. நல்ல விதிதான். ஆனால் கடைசி நேரத்தில் ஒரு சொல்லை மாற்றவேண்டும் என்றால் மறுபடி ஒப்புதல். சந்திப்பிழையோடு பதிவான வாசகம் சந்திப்பிழையோடேயே ஊர் முழுக்கப் போகும்.

*

கை. இதை மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஆப் வடிவமைப்பாளர்கள் யோசிப்பதேயில்லை. பட்டி பார்க்கிறவர் கையில் முழங்கை வரை வெள்ளை மாவு. எமரி தேய்ப்பவரின் கைப்பேசி கேமராவில் தூசிப்படலம். கொத்தனார்களுக்குச் சுண்ணாம்பும் சிமென்டும் ரேகையையே தின்றுவிடும். ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் ஏற்காதவர்கள் உண்டு. அவர்களிடம் போய் 'கைரேகை வைத்து உள்நுழையவும்' என்கிறது ஆப். கைப்பேசி பாலித்தீன் கவரில் சுற்றி சாப்பாட்டுப் பையில் சாரக்கம்பில் தொங்கும். மேலே நிற்கிறவர் பதினோரு மணிக்கு வரும் அறிவிப்பைப் பார்க்கமாட்டார். காலை எட்டரைக்கு டீக்கடை, ஒரு மணிக்குச் சாப்பாடு, ஆறு மணிக்குக் கைகால் கழுவும் நேரம், இவ்வளவுதான் வாசல் திறந்திருக்கும் நேரங்கள்.

இன்னொன்று, மெமரி. மலிவு விலை ஆண்ட்ராய்டில் குட்மார்னிங் படங்கள் நிறைந்து 'இடமில்லை' என்றதும் முதலில் அழிபடுவது கம்பெனி ஆப்தான். மகன் கேம் அழிபடாது. இதைப் புரிந்துகொண்ட சில கம்பெனிகள் ஆப்பை விட்டுவிட்டு வாட்ஸ்ஆப்பிலேயே ஸ்டிக்கர் படத்தை அனுப்பினால் போதும் என்று மாற்றிவிட்டன. வாட்ஸ்ஆப்பில் ஒரு விளம்பரச் செய்தி அனுப்ப இங்கே ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. எஸ்எம்எஸ்ஸுக்குச் சில பைசாக்கள். ஆனாலும் வாட்ஸ்ஆப்பில் குரல் அனுப்பலாம். படிக்கச் சோம்பல்படுகிற மனிதர் கேட்கச் சோம்பல்படமாட்டார்.

*

குரல் என்றதும் ஞாபகம் வருகிறது. கால் சென்டர் பெண் 'வணக்கம் சார், உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி' என்று ஆரம்பித்தால் பெயிண்டர் அடுத்த நொடி துண்டித்துவிடுவார். அவரை 'சார்' என்று கூப்பிடுகிறவர்கள் இரண்டே வகை, லோன் கொடுப்பவர்கள், லோனைத் திருப்பிக் கேட்பவர்கள். அதற்குமேல் ஓடிபி சொல்லுங்கள் என்றால்? சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடு என்று மகன் சொல்லிவைத்திருக்கிறான். அவன் சொல்வது சரிதானே. பரிசு என்று சொல்லி ஓடிபி கேட்பதில் மோசடிக்காரனுக்கும் கம்பெனிக்கும் வேறுபாடு காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது. ஆனால் வாராவாரம் கடைக்கு வரும் கம்பெனி விற்பனையாள் அதே ஓடிபியைக் கேட்டால் கைப்பேசியையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். 'நீயே போட்டுக்க தம்பி.'

*

காலண்டர். தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளிச்சுவர் பெயிண்டுக்கு விளம்பரம் குறையும், ஏனென்றால் அங்கே அப்போது அடைமழை. இங்கே தமிழ்நாட்டில் அந்த மாதங்களில் சாரம் கட்டி வெளிவேலை ஜோராக நடக்கும். அக்டோபரில் 'தீபாவளி எக்ஸ்டீரியர் போனஸ், இரட்டை பாயிண்ட்' என்று செய்தி வரும். இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கி சுவர் ஊறிக்கொண்டிருக்கும். மார்கழியில், பொங்கலுக்கு முந்தைய வாரங்களில், ஆள் கிடைக்காமல் வீட்டுக்காரர்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது கம்பெனியின் கைப்பேசி பட்ஜெட் தீர்ந்திருக்கும். வருடாவருடம் இதை எழுதி அனுப்புகிறேன், வருடாவருடம் 'குறித்துக்கொண்டோம்' என்று பதில் வருகிறது.

*

பாயிண்ட் வேண்டாம், பணம் வேண்டும். மிக்ஸியும் ட்ராலி பேக்கும் மேடையில் கொடுக்க நன்றாக இருக்கும். சனிக்கிழமை மாலை உதவி ஆட்களுக்குக் கூலி எண்ணிக் கொடுக்கவேண்டிய மேஸ்திரிக்கு மதியத்துக்குள் கணக்கில் ஏறும் நூற்றைம்பது ரூபாய்தான் உதவும். ஸ்கேன் செய்தவுடன் பணம் ஏறும் சத்தம் கேட்டால் பக்கத்திலிருக்கிற பெயிண்டரும் ஆப் போடுவார். 2017-இல் தேஸ் என்ற பெயரில் வந்த கூகுள் பே, சுரண்டும் அட்டை காட்டி இந்தப் பழக்கத்தை ஏற்கெனவே ஊட்டிவிட்டது. 'ரெடீம் ஆக ஏழு வேலைநாள்' என்று வந்தால், அந்த ஏழு நாளில் அவர் வேறு கம்பெனி வாளிக்கு மாறியிருப்பார்.

பணத்துக்கும் ஒரு முள் உண்டு. வருமான வரியில் 194ஆர் என்ற பிரிவு 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில் வழியாக வரும் இப்படிப்பட்ட சலுகைகள் ஓர் ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் பத்து சதவீதம் பிடிக்கவேண்டும். அதற்குப் பிறகு ஆப்கள் பான் எண் கேட்கத் தொடங்கின. பான் இல்லையென்றால் பிடித்தம் இருமடங்கு. ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. ரிட்டர்ன் போடும் பெயிண்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள் பத்தொன்பதாயிரம் வந்ததும் மனைவி எண்ணுக்கு மாறிக்கொண்டார்கள். கம்பெனியின் அறிக்கையில் இது 'பெண் பெயிண்டர்கள் அதிகரிப்பு' என்று வந்தாலும் ஆச்சரியமில்லை.

*

டைல்ஸ் வேலை. சென்னைப் புறநகர் அடுக்குமாடிகளில் டைல்ஸ் ஒட்டுகிறவர்களில் ராஜஸ்தான், உத்தரப்பிரதேசப் பையன்கள் ஏராளம். பெயிண்டிலும் பீகார், ஒடிசா ஆட்கள் பெருகிவிட்டார்கள். நான் எழுதும் அழகான தமிழ்க் குரல்பதிவு அங்கே யாருக்கும் பயன்படுவதில்லை. இந்தியிலும் ஒன்று வேண்டும் என்று சொன்னபோது, 'தமிழ்நாடு ரீஜனுக்குத் தமிழ் மட்டும்தான் பட்ஜெட்' என்றார்கள். விளைவு, அந்தப் பையன்கள் யாரும் பதிவு செய்வதில்லை. அவர்களை அழைத்துவந்த லேபர் கான்ட்ராக்டர் ஒட்டும் பசை மூட்டைகள் எல்லாவற்றையும் தன் எண்ணில் ஸ்கேன் செய்துகொள்கிறார். ஒரு கம்பெனி அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, மண்டலத்தின் சிறந்த டைல்ஸ் கலைஞர் என்று சால்வை போட்டது. போட்டோ எடுக்க ஒரு கரணையைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அந்தப் படம் குரூப்பில் சுற்றியபோது கீழே கைதட்டல் எமோஜி போட்டவர்களில் பாதிப்பேர் டைல்ஸ் கடைக்காரர்கள்.