இறந்த ஆமைகளையும் எண்ணியவர்களுக்கு

கருவடிக்குப்பம், புதுச்சேரி

தம்பிகளே, தங்கைகளே,

சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியெல்லாம் கடலோரம் நடந்து ஆமை முட்டை தேடுகிறீர்கள். உங்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. நீங்கள் எண்ணிச் சொல்லும் கணக்கைச் செய்தித்தாளில் படித்துத்தான் பழக்கம். தை பிறந்தால் போதும், பங்குனி ஆமைச் செய்தி வந்திருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடுவேன். இந்த வருஷம் முதல் கூடு எங்கே, எத்தனை முட்டை, குஞ்சு பொரிந்துவிட்டதா? கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி ஆமை ஸ்கோர் பார்க்கிறார் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

குஞ்சுகளுக்கு மட்டும் நன்றி சொல்வதாக இருந்தால் இந்த மடலே வேண்டியிருந்திருக்காது. குஞ்சுகள் அலையை நோக்கி ஓடும் படத்தை எந்தப் பத்திரிகையும் ஆசையாகப் போடும். கூடையைக் கவிழ்க்க அதிகாரிகளும் வந்து நிற்பார்கள். 2025 ஜனவரியில் நீங்கள் செய்தது வேறு வேலை. சென்னையைச் சுற்றியுள்ள கரையெங்கும் செத்த ஆமைகள் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, நாற்றமெடுத்துக் கிடந்தவற்றின் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாகக் கணக்கில் ஏற்றினீர்கள். அந்தக் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போக எல்லோருக்கும் உரிமை இருந்த இடத்தில் நீங்கள் நின்றீர்கள். அதற்குத்தான் இந்த நன்றி.

எண்ணாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குப்பத்துக்கு நாலைந்து ஆமை ஒதுங்கியது, புதைத்தார்கள் என்பதோடு போயிருக்கும். கூட்டிப் பார்த்ததால்தான் அது செய்தியானது. செய்தியைப் பார்த்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கு எடுத்தது. அரசும் சிறப்புக் குழு அமைத்தது.

சாவுக்குக் காரணமும் ரகசியமில்லை. ஆமைக்கு நுரையீரல்தான். ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவலைக்குள் சிக்கினால் மேலே வர வழியில்லை, தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆமைகள் கூடுவதோ அந்தக் கரையோரக் கடலில்தான். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். அது மீன்களின் இனப்பெருக்கத்தைப் பார்த்து வைத்த கணக்கு. ஆமைகள் கரைதேடி வருவது தையிலும் மாசியிலும் பங்குனியிலும். தடைக்காலம் தொடங்குவதற்குள் வந்த ஆமைகளில் பெரும்பாலானவை முட்டையிட்டிருக்கும், இல்லையென்றால் செத்திருக்கும்.

ஆமை தப்பிக்க வலைக்குள் கம்பிச் சட்டம் பொருத்தலாம். இறால் கம்பிகளுக்கு இடையே உள்ளே போகும், ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே நம் கடலுக்கு ஏற்ற மாதிரி ஒன்றை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. ஆமையோடு மீனும் தப்பிவிடுமே என்பது படகுக்காரர்களின் பயம். டீசல் விற்கிற விலையில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தக் கம்பிச் சட்டம் இல்லாததைக் காரணம் காட்டித்தான் கடலில் பிடித்த இந்திய இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. ஆமையை விட்டதில் காசும் போயிற்று.

உங்களுக்கு முன்னால் நடந்தவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணை நண்பர்களும் இதே மணலில் நடந்தார்கள். 1988-இல் அந்தப் பொறுப்பை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள், இன்றைக்கு நீங்கள். அந்த முதல் கூட்டத்தில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். நாட்டின் கடற்கரையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆமைக் கணக்கு எடுத்தவர். 1982-இல் மழைக்காலம் முழுக்க லட்சத்தீவில் ஆளில்லாத ஒரு தீவில் தனியாகத் தங்கினார். படகு வராத மாதங்கள் அவை. மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கை மீனவர் ஒருவர் அதை எடுத்துத் தபாலில் சேர்த்துவிட்டார்! 2023-இல் சதீஷ் பாஸ்கர் மறைந்தபோது வந்த செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நிலவரத்தையும் சொல்ல வேண்டும். கருவடிக்குப்பத்திலிருந்து கிழக்கே நடந்து முத்தியால்பேட்டையைத் தாண்டினால் சோலை நகர், கடல். அங்கே ஆமை ஏற மணல் எங்கே இருக்கிறது, கருங்கல்தான். 1989-இல் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வரிசையாகக் கரை போயிற்று. அரிப்பைத் தடுக்க ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போகும். இப்படியே தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம் வரை போய்விட்டது. 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு அங்கே கொஞ்சம் மணல் திரும்பியது. ஆனால் விளக்கு வெளிச்சமும் கூட்டமும் உள்ள இடம் அது. எங்கள் பக்கத்து ஆமைகள் தெற்கே நரம்பை, மூர்த்திக்குப்பம் மணலைத்தான் நம்பியிருக்கின்றன. அங்கே கூடுகளைக் காக்கும் வனத்துறை ஊழியர்களுக்கும் மீனவ இளைஞர்களுக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

நல்ல செய்தியும் படிக்காமலில்லை. ஒடிசாவில் 2021-இல் துடுப்பில் உலோக வில்லை மாட்டி அனுப்பிய ஒரு பெண் ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையேறி முட்டையிட்டது. கிழக்குக் கரையில் முட்டையிடுகிற ஆமை மேற்குக் கரைக்குப் போகாது என்றிருந்த எண்ணத்தை அந்த ஒரு வில்லை மாற்றிவிட்டது. அதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ பொறுமையாக எண்ணைக் குறித்து வைத்ததால் வந்த செய்தி இது. எங்கள் கடல் வழியாகவும் அந்த ஆமை போயிருக்கக்கூடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் தையிலும் பொரிந்த குஞ்சுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இறந்த ஆமைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள். குஞ்சுக் கணக்கு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் இரண்டையும் தேடிப் படிப்பேன்.

அன்புடன்,
கருவடிக்குப்பத்திலிருந்து உங்கள் வாசகன்